703 என்ற எண்ணும் வல்லத்துக்காரரும்: நெல்லைச் சீமையின் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கிற சார்மார்களுக்கும் டீச்சர்மார்களுக்கும் வணக்கம்.

நான் செங்கோட்டைப் பக்கம் வீட்டில் வைத்தே டியூஷன் எடுக்கிறவன். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். வருஷத்தில் ஒரு பீரியடு, ஒரே ஒரு பீரியடு, வல்லத்தில் பிறந்த கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளைக்காக ஒதுக்குங்கள். சிலை கேட்கவில்லை, மணிமண்டபம் கேட்கவில்லை, தெருவுக்குப் பேர் வைக்கச் சொல்லி மனு கொடுக்கவும் வரவில்லை. அவர் யோசித்த ஒரு கணக்கை போர்டில் எழுதிப் போட்டு, மாணவர்களை நோட்டும் பேனாவுமாகச் செய்து பார்க்க விடுங்கள், அது போதும். ஏன் அவர், ஏன் அந்தக் கணக்கு என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என்னிடம் வருகிற மாணவர்களிடம் கணித மேதை யார் என்று கேட்டால் யோசிக்காமல் ராமானுஜன் என்கிறார்கள். 1729 என்று சொன்னால், டாக்சியின் நம்பரைக் கேட்டதும் ராமானுஜன் அதன் சிறப்பைச் சொன்ன கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறார்கள். சந்தோஷம்தான், சொல்லட்டும். ஆனால் தினமும் வல்லம் வழியாக பஸ்ஸில் போய் வருகிற மாணவனுக்கு, அந்த ஊரில் பிறந்த ஒருத்தர் உலகத்தின் பெரிய பெரிய கணித மேதைகள் தொட்டுப் பார்த்த ஒரு கேள்வியில் ஒரு பகுதியை முடித்து வைத்தார் என்பது தெரியவில்லை என்றால், அது அவன் குற்றம் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

சரி, ஆளைப் பற்றி.

1901 ஏப்ரல் 5-ஆம் தேதி, குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தார். அப்பா சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். அம்மா பேர் கோமதி, மகன் பேரில் சங்கரநாராயணன், இரண்டும் சங்கரன்கோவில் சாமி பேர்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய் வந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறந்து ஒரு வருஷத்திலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா வளர்த்தார். செங்கோட்டையில் பள்ளிக்கூடம் போனார், அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அம்மா இல்லை, அப்பாவும் இல்லை, அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பையனின் படிப்பு அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சாஸ்திரியார் கைகொடுத்தார், படிக்க வைத்தார்.

நான் இந்த மடலை கலெக்டருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். சாஸ்திரியாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிதான், ஆனால் சிவசங்கரநாராயண பிள்ளையின் ஆய்வுகள் அத்தனைக்கும் முன்னால் அந்த ஒரு வரி நிற்கிறது. உங்கள் வேலையைச் செய்த ஒருத்தர், உங்கள் ஊரில், உங்களைப் போலவே ஒரு வகுப்பறையில் நின்றுகொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைச் சரியாகப் பார்த்தார்.

அப்புறம் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி என்று இரண்டு பெரிய ஆசிரியர்கள். இதில் ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் இருந்த அதே காலத்தில் படித்தவர், ராமானுஜனை நேரில் அறிந்தவர். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது, அந்த வருஷமே சிவசங்கரநாராயண பிள்ளை அங்கே விரிவுரையாளராகப் போய்விட்டார். 1941 வரை அங்கேதான். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில், அண்ணாமலை நகரில் உட்கார்ந்து செய்தவை. லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் கணக்கில் பெரிய ஆள் ஆக வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும் என்று ராமானுஜன் கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி 703-க்கு வருவோம்.

ஒரு ஊரில் 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய் என்று மூன்றே விதமான நோட்டுதான் புழக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு 703 ரூபாய் கொடுக்க வேண்டும், மீதி வாங்கக் கூடாது. 729 நோட்டு உதவாது, தொகையைத் தாண்டிவிடும். 64 ரூபாய் நோட்டு பத்து கொடுத்தால் 640 ஆகிறது. பதினொன்றாவது நோட்டுக்கு ஒரு ரூபாய் குறைகிறது. மீதி 63 ரூபாயையும் ஒற்றை ரூபாயாகத்தான் எண்ணி வைக்க வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் 73. அதற்குக் குறைந்து எந்த வழியிலும் முடியாது.

1, 64, 729 என்பவை 1, 2, 3 ஆகியவற்றின் ஆறாம் அடுக்குகள். அடுத்த நோட்டு 4096, அதற்கடுத்தது 15625, இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது கேள்வி: 703-க்கு 73 நோட்டு வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 73-க்கு மேல் கேட்கிற தொகை ஏதாவது இருக்கிறதா? லட்சத்தில், கோடியில், கோடி கோடியில் எங்காவது ஒரு எண் 74 நோட்டு கேட்குமா? கேட்காது, எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்குள் எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவியவர் வல்லத்துக்காரர்.

முதல் பாதியை ஆறாம் வகுப்பு மாணவி ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவாள். இரண்டாவது பாதிக்கு உலகம் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதைப் பாருங்கள். 1770-இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர், எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள், ஒன்பது கனங்களுக்குள், பத்தொன்பது நான்காம் அடுக்குகளுக்குள் எழுதலாம், மேற்கொண்டும் இப்படியே போகும் என்று நிரூபணம் இல்லாமல் எழுதி வைத்தார். வர்க்கத்துக்கு நான்கு போதும் என்று லக்ராஞ்சு அதே 1770-இல் நிறுவினார் (7 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள், 4+1+1+1, மூன்றில் முடியாது). கனத்துக்கு ஒன்பது என்பது 1909-இல்தான் வந்தது, அதிலும் இருந்த ஓட்டையை 1912-இல் அடைத்தார்கள். 23-ஐக் கனங்களாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்பது ஏன் வேண்டும் என்று தெரியும்: இரண்டு 8, ஏழு 1. எந்த அடுக்குக்கும் ஒரு எல்லை இருக்கத்தான் செய்யும் என்று பொதுவாக நிறுவியவர் ஹில்பர்ட், அதுவும் 1909. ஆனால் அந்த எல்லை சரியாக எவ்வளவு என்பது வேறு கேள்வி.

எல்லை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் பழைய காலத்திலிருந்தே கையில் இருந்தது. 2-இன் அடுக்கை எடுத்துக்கொள், ஒன்றரையின் அதே அடுக்கின் முழு எண் பகுதியைக் கூட்டு, இரண்டைக் கழி. ஆறாம் அடுக்குக்குப் போட்டுப் பாருங்கள்: 64, கூட்டல் 11, கழித்தல் 2, வருவது 73. இதற்குக் குறைய முடியாது என்று காட்டுவது சுலபம், மேலே 703-ஐ வைத்துச் செய்தது அதுதான். இதற்கு மேலும் தேவைப்படாது என்று காட்டுவதில்தான் உயிர் போகும். ரஷ்யாவில் வினோகிராதோவ் புதிய முறைகளைக் கொண்டுவந்த பிறகு, 1935, 36 வாக்கில், அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து டிக்சன், இங்கே சிதம்பரத்திலிருந்து சிவசங்கரநாராயண பிள்ளை, இரண்டு பேரும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே நேரத்தில், பெரிய அடுக்குகளுக்கு அந்தச் சூத்திரம் சரி என்று (ஒரு நிபந்தனையோடு) நிறுவினார்கள். டிக்சன் அப்போதே உலகறிந்த பேராசிரியர், எண் கோட்பாட்டின் வரலாற்றையே மூன்று தொகுதியாக எழுதியவர். இவர் தொடங்கிச் சில வருஷமே ஆன ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்ல வேண்டும். மிக மிகப் பெரிய எண்களுக்கு ஒரு முறை, அது பகுப்பாய்வுக் கணிதத்திலிருந்து வருவது. அந்த முறை பிடிக்கிற இடம் எங்கேயோ வானத்தில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள எண்களுக்கு அடியிலிருந்து படிப்படியாக ஏறிப் போக வேண்டும்: இந்த எல்லை வரைக்கும் சரி, அப்படியானால் அந்த எல்லை வரைக்கும் சரி என்று. மேலிருந்து வருவதும் கீழிருந்து போவதும் நடுவில் எங்காவது சந்திக்க வேண்டும், ஒரு இடைவெளி மிஞ்சினாலும் நிரூபணம் இல்லை. அடுக்கு சிறிதாகச் சிறிதாக இந்தச் சந்திப்பு கஷ்டமாகிறது. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கையால் போட்ட கணக்கு. ஆறாம் அடுக்குக்கு இந்த இடைவெளியை மூடியதுதான் 1940-ஆம் வருஷத்து வேலை.

ஆறு முடிந்தால் ஐந்தும் நாலும் சின்னதுதானே, சீக்கிரம் முடிந்திருக்குமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. ஐந்தாம் அடுக்குக்கு விடை 37. அதை நிறுவியது சீனாவின் சென் சிங்ருன், 1964-இல். நான்காம் அடுக்குக்கு 19, வாரிங் 1770-இல் சொன்ன அதே எண், அது 1986-இல்தான் நிரூபணம் ஆனது. அதைச் செய்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரான்சுக்காரர்கள். வல்லத்தில் பிறந்தவர் ஆறை முடித்து 46 வருஷம் கழித்து நான்கு முடிகிறது. அந்தப் பாலசுப்பிரமணியனே பின்னால் தங்கதுரையுடன் சேர்ந்து சிவசங்கரநாராயண பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகள் முழுவதையும் தொகுத்தார், ராமானுஜன் கணிதச் சங்கம் 2010-இல் வெளியிட்டது.

703 வகுப்புக்கு முன்னால் சொல்ல நல்ல கதை. ஆனால் நான் ஒதுக்கச் சொல்கிற பீரியடில் மாணவர்கள் கையால் செய்ய வேண்டிய கணக்கு வேறு. இதைத்தான் நான் டியூஷனில் கொடுக்கிறேன், இதுவரை எந்த வகுப்பும் சலித்துப் போய் விட்டதில்லை.

ஆறாம் வகுப்பில் பகா எண், மீப்பெரு பொதுக் காரணி, சார்பகா எண்கள் எல்லாம் நடத்துகிறீர்கள். அது முடிந்ததும் போர்டில் பத்துத் தொடர் எண்களை எழுதுங்கள். 114-லிருந்து 123 வரை. இதில் மற்ற ஒன்பது எண்களோடும் 1-ஐத் தவிர எந்தப் பொதுக் காரணியும் இல்லாத ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பகா எண்ணைத் தேடுவார்கள், இந்தப் பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இரட்டை எண் எல்லாம் போயிற்று. 117, 123 இரண்டும் மூன்றால் வகுபடும், போயிற்று. 115-க்கு 120 இருக்கிறது, ஐந்து பொது. 119 என்பது 7 பெருக்கல் 17, பகா எண் இல்லைதான், ஆனால் ஏழின் மற்ற மடங்குகள் 112-இலும் 126-இலும் இருக்கின்றன, பதினேழின் மடங்குகள் இன்னும் தூரத்தில். ஆகவே 119 தனியாக நிற்கிறது. 121-உம் அப்படியே நிற்கிறது. பகா எண்ணாக இல்லாமலே ஒரு எண் ஒரு கூட்டத்துக்குள் எல்லோரோடும் சார்பகாவாக இருக்கலாம் என்பது அங்கே தெரியவரும், புத்தகத்து வரையறையை நூறு தடவை ஒப்பித்தாலும் அது தெரியாது.

பிறகு வேறு வரிசைகளைக் கொடுங்கள், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எட்டு எண், பன்னிரண்டு எண், பதினாறு எண். எங்கே தொடங்கினாலும் அப்படி ஒரு எண் கிடைத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு மாணவன், சார் இது எப்பவுமே கிடைக்கும் சார் என்பான். அப்போது 2184-லிருந்து 2200 வரை பதினேழு எண்களை எழுதிப் போடுங்கள்.

இரட்டை எண்களை அடித்துவிடுங்கள், எட்டு ஒற்றை எண்கள் மிஞ்சும். 2187, 2193, 2199 மூன்றால் வகுபடுகின்றன. 2185-உம் 2195-உம் ஐந்தால். 2191 ஏழால், அதே ஏழு 2184-ஐயும் வகுக்கிறது. மிச்சம் 2189, 2197. 2189 என்பது 11 பெருக்கல் 199, கடைசியில் நிற்கிற 2200-ம் 11-இன் மடங்கு. 2197 என்பது 13-இன் கனம், முதலில் நிற்கிற 2184-க்கும் 13 காரணி. முடிந்தது. பதினேழில் ஒன்றுகூடத் தப்பவில்லை. வரிசையின் ஒரு முனை ஒருவரைப் பிடிக்கிறது, மறுமுனை இன்னொருவரைப் பிடிக்கிறது. அந்த 2197-ஐ வகுப்பில் ஒருத்தி வகுத்து வகுத்து 13, 13, 13 என்று எழுதுகிற நேரத்தில் அறையில் வருகிற சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

பதினாறு வரை எங்கே தொடங்கினாலும் தனியாக நிற்கிற ஒரு எண் நிச்சயம் உண்டு, பதினேழில் அது உடைகிறது என்று காட்டியவர் சிவசங்கரநாராயண பிள்ளை. 17 மட்டும் இல்லை, 430 வரை ஒவ்வொரு நீளத்துக்கும் அது உடைகிற வரிசை உண்டு என்றும் அவரே காட்டினார். அதற்கு மேல் எல்லா நீளத்துக்கும் உடைகிறது என்பதை ஆல்ஃபிரட் பிரவர் முடித்தார். எதற்காக இதைத் தொட்டார் என்றால், தொடர் எண்களைப் பெருக்கினால் வருவது ஒரு எண்ணின் முழு வர்க்கமாகவோ கனமாகவோ வேறு அடுக்காகவோ ஆகவே ஆகாது என்று ஒரு பழைய நம்பிக்கை இருந்தது, அதை நெருங்க இது ஒரு வழி. அது முழுசாக 1975-இல் எர்டிஷும் செல்ஃப்ரிட்ஜும் நிறுவியது.

கொஞ்சம் மேல் வகுப்பு என்றால், ஏன் பதினேழு என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். பதினேழு தொடர் எண்களில் எந்த இரண்டுக்கும் வித்தியாசம் அதிகபட்சம் 16. இரண்டு எண்களுக்கும் ஒரு பகாக் காரணி பொதுவாக இருந்தால் அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். ஆக 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பேருக்குள்தான் விளையாட்டு முழுவதும். இதைப் பிடித்துவிட்ட மாணவனுக்கு அடுத்த கேள்வியையும் கேட்கலாம்: 2184-ஐப் போல் இன்னொரு வரிசை இருக்கிறதா? ஆறையும் பெருக்கினால் 30030. அதை 2184-உடன் கூட்டினால் 32214. அங்கிருந்து 32230 வரை மறுபடியும் யாரும் தப்ப மாட்டார்கள். இன்னொரு 30030 கூட்டினால் இன்னொன்று. முடிவே இல்லை.

எட்டு, ஒன்பது வகுப்புக்கு வேறொன்று. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64 என்று வர்க்கம், கனம், அதற்கு மேல் அடுக்கு என எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். எந்த இரண்டுக்கு வித்தியாசம் 1? எட்டும் ஒன்பதும். அது ஒன்றேதான், வேறு ஜோடி இல்லை என்று 1844-இல் கத்தலான் சொன்னதை மிஹைலெஸ்கு நிரூபித்தபோது 2002 ஆகிவிட்டது. வித்தியாசம் 2 என்றால் 25-உம் 27-உம். வித்தியாசம் 7 என்றால் நிறைய கிடைக்கும்: 1-உம் 8-உம், 9-உம் 16-உம், 25-உம் 32-உம், 121-உம் 128-உம், அப்புறம் எங்கேயோ போய் 32761-உம் 32768-உம். (இதில் முன்னது 181-இன் வர்க்கம், பின்னது 2-இன் பதினைந்தாம் அடுக்கு. ஒரு வர்க்கத்தோடு ஏழைக் கூட்டினால் 2-இன் அடுக்கு வருவது இந்த ஐந்து தடவைதான் என்று 1913-இல் ராமானுஜன் கேள்வியாக வைத்தார், 1948-இல் நாகெல் நிறுவினார்.) வித்தியாசம் 6 வருகிற ஜோடியைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது, இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும் அது எண்ணி முடிக்கக்கூடிய அளவு ஜோடிகளுக்குத்தான் வரும் என்று சிவசங்கரநாராயண பிள்ளை கருதினார். இன்றைக்கும் கணித உலகம் முழுக்க பிள்ளை அனுமானம் என்றுதான் அதற்குப் பேர். இன்றுவரை நிரூபணம் இல்லை. வித்தியாசம் 2-க்கு 25, 27 தவிர வேறு ஜோடி இல்லை என்பதைக்கூட யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நம்ம ஊர்க்காரர் பேரில் உலகம் முழுக்க ஒரு திறந்த கேள்வி நிற்கிறது, அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் சொல்லாமல் இருக்கிறோம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், ஸ்லிப் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்ச்சி சதவிகிதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுந்து நிற்க வேண்டியது நீங்கள்தான். இதில் மார்க் வராத ஒரு கணக்குக்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன பதினேழு எண் கணக்கை ஒருமுறை செய்கிற மாணவன் பகாக் காரணிப் படுத்துதலைக் குறைந்தது பதினைந்து தடவையாவது செய்துவிடுகிறான், அதுவும் யாரும் சொல்லாமல் தானாக. வீட்டுப்பாடமாகப் பதினைந்து கணக்கு கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பையன் நோட்டைப் பார்த்து எழுதி வருவான். பயிற்சி என்று எடுத்துக்கொண்டால்கூட இது நஷ்டம் இல்லை.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு வகுப்பு வழியாகப் போகும்போது சத்தம் கேட்டால், டெஸ்ட் எழுதாமல் என்ன இரைச்சல் என்று உள்ளே வந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஒரு டீச்சர் ஆர்வமாக இப்படி எண் விளையாட்டு நடத்தியதற்கு, பாடத்தை விட்டு வேறெதுவோ நடத்துகிறார் என்று விளக்கம் கேட்டார்கள். அந்த டீச்சர் அதற்கப்புறம் புத்தகத்தைத் தாண்டி ஒரு கணக்கும் போடுவதில்லை. நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஏப்ரல் 5 அவர் பிறந்த நாள், ஆனால் அது பரீட்சை நேரம். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள், பல பள்ளிகளில் படம் வைத்துப் பேச்சுப் போட்டி நடத்துகிறார்கள், ஆனால் அதுவும் அரையாண்டுத் தேர்வுக்கும் லீவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற நாள். அதனால் நாளைப் பார்க்க வேண்டாம், பகா எண் பாடம் எந்த வாரம் முடிகிறதோ அந்த வாரம் போதும். டிசம்பர் 22-க்கு விழா வைக்கிற பள்ளிகள் ராமானுஜன் படத்துக்குப் பக்கத்தில் இவருடைய பேரையும் எழுதி வைத்தால் ராமானுஜனுக்கு ஒன்றும் குறையாது. ராமானுஜன் கேட்ட வகைக் கேள்விகளைத் தொடர்ந்து கேட்டவர்தானே இவர்.

அவருடைய கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1941-இல் அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் போனார், அடுத்த வருஷம் கல்கத்தா பல்கலைக்கழகம். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே கணிதத் துறையில் இருந்த லெவி அவரை அழைத்தார். 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு அழைப்பு வந்தது. ஐன்ஸ்டீன் இருந்த இடம் என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரியும். எண் கோட்பாட்டில் பெரிய ஆளான செல்பர்க்கும் அப்போது அங்கேதான் இருந்தார். போகிற வழியில் ஹார்வர்டில் நடக்கிற உலகக் கணித மாநாட்டிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கலந்துகொள்வதாக இருந்தது. மாநாடு ஆகஸ்ட் 30-ஆம் தேதி தொடங்கியது. 31-ஆம் தேதி அவர் போன விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எகிப்தில் விழுந்து எரிந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் நொவிட்ஸ்கியும் அந்த விமானத்தில்தான் இருந்தார். சிவசங்கரநாராயண பிள்ளைக்கு வயது 49. ஐந்தாம் அடுக்கும் நான்காம் அடுக்கும் பாக்கி இருந்த நேரம் அது. பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் செல்பர்க்குடன் பேசிப் பழக முடிந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனால் வகுப்பில் இதை முதலில் சொல்ல வேண்டாம். விமான விபத்தில் இறந்த கணித மேதை என்று தொடங்கினால் மாணவர்களுக்கு விபத்து மட்டும்தான் ஞாபகம் இருக்கும். 2197-இல் தொடங்குங்கள், அவராகவே ஞாபகத்தில் நிற்பார்.

வல்லம், இலஞ்சி, செங்கோட்டை, தென்காசிப் பள்ளிகள் முதலில் தொடங்கினால் நன்றாக இருக்கும். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், கோவில்பட்டி என்று பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். வகுப்பில் அப்படியே போர்டில் எழுதிப் போடுகிற மாதிரி, ஆறாம் வகுப்புக்கு ஒன்று, எட்டு ஒன்பதுக்கு ஒன்று என்று கணக்குத் தாள் தயார் செய்து வைத்திருக்கிறேன், எல்லாம் தமிழில். யார் கேட்டாலும் தருகிறேன், ஜெராக்ஸ் காசுகூட வேண்டாம். நேரம் கொடுத்தால் பள்ளிக்கே வந்து உங்களோடு சேர்ந்து நடத்தவும் தயார். காலையில் எனக்கு டியூஷன் கிடையாது.

இப்படிக்கு,
செங்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார்